சோத்துக்கைப் பக்கம்

தனுஜா மறுபடியும் காற்றில் சோறு பிசைகிறாள்.

தடிப் புத்தகம் மேசைமேல் விரிந்து கிடக்கிறது. ஒரு படத்தை உற்றுப் பார்க்கிறாள். வலது கை பேனாவை வைத்துவிட்டு மேசைக்கு அடியில் இறங்குகிறது. விரல்கள் குவிந்து, இல்லாத சோற்றில் இல்லாத ரசத்தை விட்டு ஒரு பிசை பிசைகின்றன. கை மேலே வருகிறது. தாளில் ஒரே ஓர் எழுத்து விழுகிறது. அடுத்த படம், மறுபடி ஒரு பிசை. பிள்ளைக்குப் பசிபோல என்று முதல் நாள் நான் பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு போய் நீட்டினேன். "இல்ல ஆண்ட்டி, நான் சாப்புட்டேன். இது படிக்கிறது," என்றாள். இப்படியும் ஒரு படிப்பு வந்துவிட்டதா என்று டின்னை மூடிக்கொண்டு திரும்பினேன்.

ரிங்லெட் டவுனுக்கு மேலே வளைந்து வளைந்து ஏறினால் வருகிற தேயிலைத் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால், நான் அங்கே கணக்கு எழுதுகிற ஆபீஸ் கிராணி, அவ்வளவுதான், துரை வேறொருவர். ஆபீஸுக்குப் பின்னால் கொழுந்து நிறுக்கிற தகரக் கொட்டகை இருக்கிறது. ஆபீஸ் வைஃபை அந்தக் கொட்டகையோடு நின்றுவிடும். தொழிலாளர்களின் லைன் வீடுகளில் கைப்பேசியை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் ஒரு கோடு காட்டும். பனி இறங்கினால் அந்தக் கோடும் போய்விடும். அதனால் லீவில் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தனுஜாவுக்குக் கொட்டகைதான் வகுப்பறை. மேனேஜர் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விடுவார். நான் அப்படிப் போகிறவள் இல்லை. என் ஜன்னலுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிற ஒருத்தியைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியாது.

ஆள் ஒல்லி. அப்பாவின் பழைய குளிர்கோட்டு முட்டிவரை தொங்கும். முடியைச் சுருட்டி அதில் ஒரு பென்சிலைக் குத்தி வைத்திருப்பாள். பிறகு அந்தப் பென்சிலையே கொட்டகை முழுக்கத் தேடுவாள். கட்டைவிரல் ஓரத்துத் தோலை உரித்து உரித்து அந்த இடம் ஆறுவதே இல்லை. எதைக் கேட்டாலும் பதிலுக்கு முன்னால் ஓர் ஒப்பந்தம் உண்டு: "தப்பா சொல்லிட்டா சிரிக்கக்கூடாது ஆண்ட்டி, சரியா?" மணி என்ன என்று கேட்டாலும் இதே ஒப்பந்தம்தான்.

படிப்பது கெமிக்கல் எஞ்ஜினியரிங், கீழே பேராக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில். அவள் அப்பா ராஜு கொழுந்து வெட்டுகிற மெஷினின் ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டு மலைச்சரிவில் நடப்பவர். மறுதலைப்பை ஒரு நேப்பாளத்துக்காரர் பிடிப்பார். "எஞ்ஜினு மக்கர் பண்ணா இனி டவுனுக்குத் தூக்கிட்டுப் போக வேணாம் லா, எம் மக வந்து பாத்துக்கும்," என்று அவர் பெருமையாகச் சொல்லித் திரிகிறார். அவர் மகளோ இன்னும் எஞ்ஜின் பக்கமே போகவில்லை. அதற்கு முன்னால் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி என்ற ஒரு வாசற்படியைத் தாண்டியாக வேண்டும். அந்தப் பேரைக் கேட்டுவிட்டு, கம்போங் ராஜாவில் முட்டைக்கோஸ் போடுகிற ஒருவர் பூச்சி அரித்த இலையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஆபீஸுக்கே கொண்டுவந்துவிட்டார். "மருந்தடிக்காம ஆர்கானிக்கா எப்படி விரட்டுறதுன்னு புள்ளகிட்ட கேட்டுச் சொல்லுங்க." தனுஜா இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்குத் தெரியாது என்று சொல்லக்கூட அவளுக்குப் பயம். வேப்பெண்ணெய் என்று முனகினாள். அவர் திருப்தியாகப் போய்விட்டார். இவள்தான் அந்த முட்டைக்கோஸ் என்ன ஆனதோ என்று ஒரு வாரம் கவலைப்பட்டாள்.

பாடத்தை எனக்கு அவள் காய்கறி வைத்து விளக்கினாள். சின்ன உருளைக்கிழங்கில் கறி கோத்துச் சுடுகிற சாத்தே குச்சிகள் நான்கைக் குத்தி, அவற்றின் நுனியில் ஒரு குட்டித் தக்காளி, ஒரு சோளத்துண்டு, ஒரு மிளகாய், ஒரு பட்டாணி. உருளைக்கிழங்குதான் கார்பன். அதற்கு நான்கு கை. நான்கிலும் வெவ்வேறு சாமான் இருந்தால், அதே சாமான்களோடு அதற்கு ஓர் எதிருருவமும் உண்டு, கண்ணாடியில் தெரிவதுபோல. பார்க்க ஒன்றாகவே இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் பொருந்தாது. செருப்பைக் கால் மாற்றிப் போட்டவர்களுக்கு இது புரியும். ஒரு சரக்கு புதினா வாசம் அடிக்குமாம். அதுவே எதிருருவமாக மாறிவிட்டால் சீமைச் சோம்பு வாசமாம். மருந்துகளில் ஒன்று குணமாக்க, மற்றது கெடுப்பதும் உண்டாம். நானும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டேன். மறுநாள் வந்து பார்த்தால் உருளைக்கிழங்கு மட்டும் கிடந்தது. "எல்லாத்தையும் எறும்பு தின்னுடுச்சு ஆண்ட்டி. பட்டாணிய மட்டும் காணவே காணோம்," என்று மேசைக்கடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள்.

எந்த உருவம் என்று எழுதத்தான் அந்த ஓர் எழுத்து. பட்டாணியைப் பின்பக்கம் தள்ளிவிட்டு மற்ற மூன்றையும் பெரியதிலிருந்து சின்னதுவரை வரிசையாகப் பார்க்க வேண்டும். பார்வை வலப்பக்கமாகச் சுற்றினால் ஆர். இடப்பக்கமாகச் சுற்றினால் எஸ். இவ்வளவுதான் விஷயம். வரிசை போடுவதில் அவள் தவறுவதே இல்லை. பட்டாணி முன்னால் வந்தாலும் பின்னால் போனாலும் மனதிலேயே திருப்பிவிடுவாள். கடைசியில் வலப்பக்கம் எது என்ற இடத்தில் வந்து நிற்பாள். மலைப்பாதையில் நடு வளைவில் வண்டி நின்றுபோனதுபோல அப்படியே நிற்பாள்.

கைப்புண்ணைப் பார்க்கக் கண்ணாடி எதற்கு என்பார்கள். இவளுக்குக் கை எது என்று பார்க்கவே கண்ணாடி வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் அதுவும் மாறித் தெரியும்.

எழுதுகிற கை எது என்று தெரியாதா என்று கேட்டேன். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள். "ரெண்டு கையாலயும் எழுதுவேன் ஆண்ட்டி. வீட்டுல ஒண்ணு. ஸ்கூல்ல அம்மா இல்லல்ல, அங்க ஒண்ணு." பிறந்தபோதே அவள் இடதுகைக்காரி. பந்தை எறிவது, தலை வாருவது, கூட்டுவது எல்லாம் இன்றைக்கும் அந்தக் கையால்தான். எழுத்து மட்டும் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஆனால் சாப்பாடு அப்படி இல்லை. வீட்டில், பள்ளியில், கோயில் அன்னதானத்தில், எங்கேயும் எவரும் அவளை இடது கையால் ஒரு வாய் எடுக்க விட்டதில்லை. ஆகவே இந்த உலகத்தில் வலது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று: சோத்துக்கை. அதைக் கண்டுபிடிக்க ஒரு வாய் சோறு பிசைந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

"அப்ப கையில ஒரு கயிறு கட்டிக்க வேண்டியதுதானே?" இதைச் சொன்னதும் என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

"கட்டினேன் ஆண்ட்டி. முருகன் கோயில்ல. பொம்பளப் புள்ளைக்கு இடது, ஆம்பளைக்கு வலதுன்னு பூசாரி சொன்னாரு. எனக்கு வலதுல வேணும்னு கேட்டேன், அவரு முடியாதுன்னாரு. பரீட்ச ஹால்ல உக்காந்து பாத்தா கயிறு தெரியுது. கடைசில எதுல கட்டினாருங்கிறதுதான் ஞாபகத்துல இல்ல."

சிரிக்கக்கூடாது என்ற ஒப்பந்தத்தை அன்று நான் மீறிவிட்டேன். அவளும் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் கட்டைவிரல் வாய்க்குப் போய்விட்டது.

சிரிக்கிற விஷயம் இல்லை இது. ஒரே பாடத்தில் மூன்று தடவை தோற்றால் படிப்பிலிருந்தே எடுத்துவிடுவார்கள் என்பது அவளுடைய பல்கலைக்கழகத்தின் விதி. தனுஜா இரண்டு தடவை தோற்றாயிற்று. முதல் தடவை உண்மையிலேயே பாடம் தெரியவில்லை. அதை அவள் ஒளிப்பதில்லை. "புக்கத் தொறந்தா எல்லாமே கோழிக்கூண்டு கம்பி மாதிரி இருந்திச்சு ஆண்ட்டி. ஆறு மூல, ஆறு மூல. பயந்து மூடிட்டேன்." இரண்டாவது தடவை அப்படி இல்லை. விழுந்து விழுந்து படித்திருந்தாள். கோழிக்கூண்டுக்குள்ளே போய்க் குடியிருந்தாள் என்றே சொல்லலாம்.

அந்தப் பரீட்சையில் நடந்ததை அவள் ஒரு மழைநாளில், தகரத்தின்மேல் மழை கொட்டுகிற சத்தத்துக்கு நடுவில் சொன்னாள். பேனாவை வைத்துவிட்டு மேசைக்கு அடியில் பிசைந்திருக்கிறாள். கண்காணிக்க வந்த அம்மாள் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். அடியில் என்ன வைத்திருக்கிறாய், கையைக் காட்டு என்று மலாயில் கேட்டிருக்கிறார். கையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் இந்தக் கை மேசைக்கு மேலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய், தூரத்திலிருந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"எனக்குப் பயமாப் போச்சு. காப்பி அடிக்கிறேன்னு நெனச்சிட்டாங்களேன்னு. அந்தக் கைய அசைக்கவே இல்ல, பேனாவோட மேலயே வச்சிக்கிட்டேன். அப்புறம் அடுத்த கேள்வி வந்திச்சு. கீழ இருந்த கை தானா பிசைஞ்சிச்சு ஆண்ட்டி. பிசையிற கைதானே சோத்துக்கை? அப்படியே எழுதிட்டேன்."

"கடிகாரம் இல்லியா? அது சுத்துற பக்கம் வலதுதானே?"

"டிஜிட்டல் ஆண்ட்டி. நம்பர் மட்டும்தான் ஓடும்."

மார்க் அதிகமுள்ள அந்தப் பகுதியில் ஒன்று விடாமல் அத்தனையும் தலைகீழ். ஆர் வரவேண்டிய இடத்தில் எல்லாம் எஸ், எஸ் வரவேண்டிய இடத்தில் எல்லாம் ஆர். டாக்டர் ஃபாத்தின் என்ற விரிவுரையாளர் அவளைக் கூப்பிட்டு, விடைத்தாளை முன்னால் போட்டாராம். கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறவனுக்குக்கூடப் பாதி சரியாக வரும். எல்லாமே தப்பு என்றால் உனக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது என்று சொன்னாராம். ஆனால் தப்பான எழுத்துக்கு எப்படி மார்க் போடுவது என்று அவரே கேட்டாராம். "அவங்க கேட்டது நாயம்தானே ஆண்ட்டி?" என்றாள் தனுஜா. நியாயம்தான். அந்த நியாயத்தின்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

வீட்டில் இது ஒன்றும் தெரியாது. பேப்பர் கஷ்டம் என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறாள். காரணம், அவள் அம்மா புனிதா.

புனிதா எங்கள் ஃபேக்டரியில் பேக்கிங் பகுதியில் வேலை செய்கிறாள். கையில் வேகம், பேச்சிலும் வேகம். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எந்தச் சாமானுக்கும் முதலில் இடது கையை நீட்டுவாள். பீச்சாங்கையால் சாப்பிடுகிற பிள்ளையை நாளைக்கு எந்த வீட்டில் உட்காரவைப்பார்கள் என்று சொந்தக்காரர்கள் வாய் ஓயாமல் பேசினார்கள். புனிதா ஒரு கைக்குட்டையை எடுத்தாள். சாப்பாட்டு நேரம், எழுத்து நேரம் இரண்டுக்கும் அந்த இடது கையைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். அழுத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வலது கைக்குப் பென்சிலைக் கொடுத்து, தன் கையை அதன்மேல் வைத்து அ, ஆ எழுதவைத்தாள். இதை அவள் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். எப்போதும் இதே சொல்தான்: "திருத்திட்டேன்க்கா. ஒரே வருசத்துல அழகா திருத்திட்டேன்." அதில் கொடுமை ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளைக்குக் கோணிய பல்லைச் சரிசெய்த தாயின் பெருமைதான் தெரிந்தது.

அதனால் வந்த வழக்கம் ஒன்று உண்டு. கொட்டகையில் தனியாகக் கணக்குப் போடும்போது தனுஜா இடது கையால் எழுதுவாள். படபடவென்று, அழித்தல் திருத்தல் இல்லாமல் போகும். பரீட்சை மாதிரித் தாளை எடுத்தாளானால் பேனா தானாக வலது கைக்கு மாறிவிடும். எழுத்து நிமிர்ந்து நிற்கும். வேகம் பாதியாகக் குறையும். கட்டைவிரல் வாய்க்குப் போகும். ஏன் என்றேன். "பரீட்சைன்னா அம்மா சொல்லிக்குடுத்த கைதான் ஆண்ட்டி. ஸ்டாண்டர்ட் ஒன்லேர்ந்து அப்படித்தான். மாத்தி எழுதினா ஏதோ திருட்டுத்தனம் பண்ற மாதிரி இருக்கும்." வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இந்த வீட்டில் இடது கை எழுதுவது அம்மாவுக்குத் தெரியக்கூடாது.

ஒருநாள் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். புனிதா ஃபிளாஸ்கில் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் வந்தாள். தனுஜா முதுகைக் காட்டிக்கொண்டு இடது கையால் எழுதிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலில் இருந்தேன். இருமிக் காட்டவா வேண்டாமா என்று எனக்கு ஒரே தவிப்பு. புனிதா சத்தமில்லாமல் நின்றாள். பிறகு வேண்டுமென்றே செருப்பைத் தேய்த்து ஒரு சத்தம் எழுப்பினாள். பேனா கை மாறியது. "சூடா இருக்கு, ஆறுறதுக்குள்ள குடிச்சிரு," என்று சொல்லி ஃபிளாஸ்கை வைத்துவிட்டுப் போய்விட்டாள். என் ஜன்னலைத் தாண்டிப் போகையில் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பரீட்சை நெருங்க நெருங்க எனக்கே சோறு இறங்கவில்லை. ராத்திரி தட்டில் கை வைத்தால், இது சோத்துக்கைதானா என்று ஒரு நினைப்பு வந்து தொலைகிறது. ஊரில் ஒரு பிள்ளைக்கு வந்த பயம் பக்கத்து ஜன்னலுக்கும் தொற்றிவிடும்போல.

அவள் புறப்படுவதற்கு நான்கைந்து நாள் இருக்கும்போது அது நடந்தது. சாயங்காலம். பனி இறங்கி, எதிரே இருக்கிற மரமே தெரியவில்லை. டிரைவர் மகேன் கொழுந்து லோரியைப் பின்னுக்கு எடுத்துக் கொட்டகையில் சேர்க்க வேண்டும். வழக்கமாகப் பின்னால் நின்று சொல்கிற ஆள் அன்று இல்லை. "தனு, கொஞ்சம் பின்னாடி நின்னு பாத்துச் சொல்லும்மா!" என்று கத்தினான். எங்கள் பக்கத்து வண்டிக்காரர்களுக்கு வலது இடது கிடையாது. மலாயில் கானான், கிரி, அவ்வளவுதான். கானான் வலது, கிரி இடது, லாகி என்றால் இன்னும். வண்டிக்குப் பின்னால் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் லோங்காங் என்கிற ஆழமான கால்வாய்.

தனுஜா ஓடிப்போய் நின்றாள். லோரி உறுமிக்கொண்டு பின்னால் வந்தது. பின்சக்கரம் கால்வாய் ஓரத்தை நெருங்குகிறது. என்ன சொல்வது என்று அவள் யோசித்த அந்த ஒரு நொடியை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கை பிசைந்தது. பனியில் எந்தக் கை என்று எனக்குத் தெரியவில்லை.

"கானான்! கானான் லாகி! கானான்!"

மகேன் அவளை நம்பி நன்றாக ஒடித்தான். பின்சக்கரம் கால்வாயில் இறங்கியது. லோரி ஒருபக்கமாகச் சாய்ந்து, கொழுந்து மூட்டைகள் இரண்டு மூன்று சரிந்து விழுந்து அவிழ்ந்தன. யாருக்கும் அடி இல்லை. மகேன் குதித்து இறங்கி வந்து சக்கரத்தைப் பார்த்தான், தலையில் கை வைத்தான், பிறகு சிரித்துவிட்டான்.

"அலாமாக்! என்னா தனு, கானான்னு சொல்லி லோங்காங்குல எறக்கிட்டியே! கானான்னா சோத்துக்கைப் பக்கம் லா. சோத்துக்கை எதுன்னு கூடவா எஞ்ஜினியருக்குத் தெரியாது?"

சுற்றிக் கூடியவர்களும் சிரித்தார்கள். ஃபேக்டரி விட்டு வந்த பெண்களோடு புனிதாவும் நின்றாள். தனுஜா சிரிக்கவில்லை. "இதுதானே? இதுதானே சோத்துக்கை?" என்று கையைத் தூக்கிக் காட்டினாள். ஐந்து விரலும் குவிந்து பிசைந்துகொண்டே இருந்தன. இடது கை.

புனிதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அந்தக் கையைப் பிடித்தாள். "இது சோத்துக்கைன்னு யாருடி சொன்னா ஒனக்கு?"

"தெரியலம்மா. பயந்தா தெரிய மாட்டேங்குது." தனுஜாவுக்கு அழுகை உடைந்துவிட்டது. "போன தடவ பேப்பர்லயும் இப்படித்தாம்மா ஆச்சு. எல்லாத்தையும் மாத்தி எழுதிட்டேன். படிக்காம இல்லம்மா. எல்லாம் தெரிஞ்சிச்சு. எது சோத்துக்கைன்னுதான் தெரியல."

பெண்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். புனிதா ஏதாவது பேசுவாள், அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை என்று காத்திருந்தேன். அவளோ கையை விட்டுவிட்டுக் குனிந்து, சிதறிக் கிடந்த கொழுந்தை மூட்டையில் அள்ளிப் போட ஆரம்பித்தாள். எல்லோரும் கை கொடுத்தார்கள். ராஜுவும் நேப்பாளத்துக்காரரும் கயிறு கொண்டுவந்து லோரியை மேலே இழுத்தார்கள். ராஜு மகளைத் திட்டக்கூட இல்லை. "எஞ்ஜினுக்கு ஒண்ணும் ஆவல," என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் தனுஜா கொட்டகைக்கு வந்தாள், படித்தாள். எந்தக் கையால் எழுதுவது என்றே அவளுக்குக் குழம்பிவிட்டது. பேனா இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாறிக்கொண்டிருந்தது. தாள் வெறுமையாகவே கிடந்தது. "நான் போகாமயே இருந்திடவா ஆண்ட்டி? போய்த் தோத்தாலும் வெளிய, போகாட்டியும் வெளிய," என்று ஒருநாள் கேட்டாள்.  பிஸ்கட் டின்னை நீட்டினேன். இந்தத் தடவை ஒன்றை எடுத்துக்கொண்டாள், இடது கையால். எடுத்ததும் திடுக்கிட்டு வலது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

புனிதாவிடம் பேசிப் பார்த்தேன். "சீதாக்கா, நாலு பேரு பேசினாங்கன்னு செஞ்சேன். அந்த நாலு பேரும் இப்ப எங்க இருக்காங்கன்னே தெரியல," என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சை அவள் தொடரவிடவில்லை. திருத்திட்டேன் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் பிறகு கேட்கவில்லை.

புறப்படும் காலை, பஸ் ஏறுகிற தானா ராத்தாவில் எனக்கும் ஒரு வேலை இருந்ததால் என் காரிலேயே தாயையும் மகளையும் ஏற்றிக்கொண்டேன். ராஜுவுக்கு மெஷின் வேலை. லைன் முனையில் நின்று கையை ஆட்டினார். வழியெல்லாம் பின்சீட்டைக் கண்ணாடியில் பார்த்தேன். தனுஜா கண்ணை மூடிக்கொண்டு மடியில் பிசைந்துகொண்டிருந்தாள். முதலில் ஒரு கை. பிறகு சந்தேகம் வந்து மறு கை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழலாம்போல இருந்தது எனக்கு. வளைவான பாதை, நிறுத்த இடம் இல்லை.

ஈப்போ போகிற பஸ் இன்னும் வரவில்லை. குளிரில் எங்கள் மூன்று பேரின் வாயிலிருந்தும் புகை வந்தது. புனிதா காகிதப் பொட்டலத்தைப் பிரித்து மகளின் நெற்றியில் திருநீறு பூசினாள். பிறகு கைப்பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். எடுத்தது பிரிஞ்சாங் டவுன் கடையில் வாங்கிய பேனா, உறைகூடப் பிரிக்காதது.

தனுஜா வாங்கிக்கொள்ள வலது கையை நீட்டினாள். பெரியவர்களிடம் வாங்கும்போது செய்வதுபோல இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, முறையாக, அம்மா சொல்லிக்கொடுத்தபடியே நீட்டினாள்.

புனிதா அந்தக் கையில் வைக்கவில்லை. முழங்கைக்கு அடியில் இருந்த இடது கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். பேனாவை அதில் வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மூடினாள். தனுஜா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். புனிதா அவள் முகத்தைப் பார்க்காமல் பஸ் வருகிற வளைவையே பார்த்துக்கொண்டு, மகளின் வலது கையை மட்டும் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து, பஸ் வந்து கதவு திறக்கும்வரை அது அசையாதபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.